20 பவுண்டு ஆப்பிளை என்ன செய்வது?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதானே. நண்பர்களோடு தோட்டத்துக்குப் போய் 20 பவுண்டு மெக்கின்டாஷ் ஆப்பிள் பறித்து வந்தாயிற்று, இன்னும் பாதிகூடத் தீரவில்லை. ஆபீஸில் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு ஒருவர் கொண்டுவந்த ஆப்பிள் கிரிஸ்ப், அதாவது ஆப்பிள் துண்டுகள் மேல் ஓட்ஸும் வெண்ணெயும் சேர்த்துப் பிசிறிய மாவைத் தூவி ஓவனில் சுடுகிற இனிப்பு, ரொம்பப் பிடித்துப்போனது. அதை வீட்டில் செய்ய முடியுமா, முட்டை சேர்க்கிறார்களா, காலையில் சாப்பிட வாங்கி வைத்த ஓட்ஸ் போதுமா, வந்து நான்கு மாதமாகியும் ஓவனைத் தொட்டதே இல்லையே, பயமாக இருக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள்.

முட்டை கிடையாது. அதனால்தான் நம் வீடுகளில் இது சுலபமாக ஒட்டிக்கொண்டது. மற்றவற்றுக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் ஓவன். நான் கனடாவில் இந்த ஹாமில்டன் நகருக்கு வந்து இரண்டு வருடம் எங்கள் ஓவனுக்குள் தோசைக்கல்லும் வாணலியும்தான் இருந்தன. இங்கே நம்மவர் வீடுகள் பலவற்றில் இன்றைக்கும் அப்படித்தான். ஆகவே சூடு ஏற்றும் முன் கதவைத் திறந்து உள்ளே பாருங்கள். பிளாஸ்டிக் டப்பா, பிடி உருகக்கூடிய பாத்திரம் எதுவும் இருக்கக் கூடாது. இதுவரை பயன்படுத்தாத ஓவன் என்றால், உங்களுக்கு முன் குடியிருந்தவர் சிந்திய எண்ணெய் உள்ளே இருக்கலாம். ஒரு நாள் வெறுமனே 20 நிமிடம் சூடேற்றி, ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்புக்கு மேலுள்ள ஃபேனைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் கிரிஸ்ப் செய்யும் அன்று புகை அலாரம் அலறும். கனடாவில் வானிலை சொல்வதெல்லாம் செல்சியஸ், ஆனால் ஓவன் பெரும்பாலும் பாரன்ஹீட்டில்தான் இருக்கும். நமக்கு வேண்டியது 375. செல்சியஸில் ஏறத்தாழ 190.

இனி ஆப்பிள். இந்தப் பலகாரத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. ஊரில் நமக்கு ஆப்பிள் என்றால் ஒன்றுதான்: நோயாளியைப் பார்க்கப் போகும்போது வாங்கிப் போகிற சிவப்புப் பழம். இங்கே ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு குணம். பச்சரிசி, புழுங்கலரிசி, இட்லி அரிசி என்று நாம் பிரித்துப் பார்ப்பதுபோல் இவர்கள் கடித்துத் தின்பதற்கு ஒன்று, மசித்துச் சாஸ் செய்ய ஒன்று, சுடுவதற்கு ஒன்று என்று வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் பறித்து வந்த மெக்கின்டாஷ் நாம் இருக்கிற இந்த ஒன்டாரியோ மாகாணத்து மண்ணில் பிறந்த ரகம். 1811-ல் டண்டேலா என்ற இடத்தில் ஜான் மெக்கின்டாஷ் என்ற விவசாயி காடு திருத்தும்போது தானாக முளைத்திருந்த சில ஆப்பிள் கன்றுகளைக் கண்டார். அதில் ஒரு மரத்தின் பழம் தனிச் சுவையாக இருந்தது. உலகத்தில் இன்றைக்கு இருக்கிற மெக்கின்டாஷ் மரங்கள் எல்லாம் அந்த ஒரு மரத்திலிருந்து ஒட்டுக்கட்டி ஒட்டுக்கட்டி வந்தவை. நம் ஊர் ஒட்டு மாங்கன்று மாதிரிதான். நீங்கள் கணினித் துறைக்காரர் என்பதால் இதையும் சொல்கிறேன்: ஆப்பிள் கம்பெனி தன் கணினிக்கு மெக்கின்டாஷ் என்று பெயர் வைத்தது இந்தப் பழத்தைப் பார்த்துத்தான், எழுத்தை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொண்டார்கள்.

கைக்கு வந்தவுடன் கடித்துத் தின்ன இதைப்போல் வேறில்லை. ஆனால் சூடு பட்டால் சீக்கிரம் குழைந்துவிடும். தனியாக இதை மட்டும் போட்டால் அடியில் கூழ் நிற்கும். அதனால் பாதி மெக்கின்டாஷ், பாதி கெட்டியான ரகம் என்று கலந்துகொள்ளுங்கள். கெட்டியானதில் என் முதல் தேர்வு நார்தர்ன் ஸ்பை. பருவத்தின் கடைசியில், அக்டோபர் நடுவுக்கு மேல்தான் வரும். பெரிய சூப்பர் மார்க்கெட்டில் தேடிக் களைத்துப் போகாதீர்கள், சனிக்கிழமைச் சந்தையில் தோட்டக்காரர்களிடம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் கோர்ட்லாண்ட், ஐடாரெட், எங்கும் கிடைக்கிற பச்சை கிரானி ஸ்மித், எதுவானாலும் சரி. நடுவில் சின்னச் சூட்சுமம் ஒன்று: மெக்கின்டாஷைப் பெரிய துண்டாகவும், கெட்டி ஆப்பிளை அரை விரல் கனத்துக்கும் நறுக்கினால் இரண்டும் ஒரே நேரத்தில் பதமாகும். குழைவது குழம்பாகி, குழையாதது அதில் துண்டு துண்டாகக் கிடக்கும். எனக்குப் பிடித்த பதம் அதுதான்.

புளிப்பு கட்டாயம் வேண்டும். வெறும் இனிப்பு ஆப்பிளில் செய்தால் சர்க்கரை மேல் சர்க்கரை வைத்ததுபோல் திகட்டிவிடும். மாங்காய்ப் பச்சடிக்குப் பழுத்த மாம்பழம் போட மாட்டோம் இல்லையா, அதே கணக்கு.

எனக்கு இதைக் கற்றுத் தந்தது பக்கத்து வீட்டுப் பாட்டி. 2008 அக்டோபரில் எங்கள் மூத்தவள் பிறந்து மூன்று வாரம். கதவைத் தட்டி, துணி போட்டு மூடிய ஒரு கண்ணாடிப் பாத்திரத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதுவரை எதிரில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி. சாப்பிட்டுக் கழுவிய பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. அம்மா அப்போது ஊரிலிருந்து வந்திருந்தார். சர்க்கரைப் பொங்கல் கிளறி, அதே பாத்திரத்தில் நிரப்பி அனுப்பினார். மறுநாள் பாட்டி வந்து, அந்த வாசனை என்ன, ஏலக்காயா என்று கேட்டார். நான் ஆப்பிள் மேல் உதிரி உதிரியாக இருந்த அந்த மேல்மாவு என்ன என்று கேட்டேன். அடுத்த வாரம் அவர் வீட்டு அடுக்களையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா பார்க்க, நான் மாவு பிசிறினேன்.

அப்புறம் நானாகச் செய்தபோது நன்றாக வரவில்லை. வெந்நீர் ஊற்றிக் குடிக்கிற இன்ஸ்டன்ட் ஓட்ஸ் பாக்கெட்டைப் பிரித்துப் போட்டேன், வெண்ணெயை உருக்கி ஊற்றினேன், சூடு ஆறாமல் இருக்கட்டும் என்று அலுமினியத் தாளால் இறுக்கி மூடினேன். மேல்மாவு களி மாதிரி ஆகிவிட்டது. பாட்டி பார்த்தவுடன் காரணம் மூன்றையும் சொன்னார். அந்த மூன்றும்தான் இந்தப் பலகாரத்தின் பாடமே.

ஓட்ஸில் நீங்கள் வாங்க வேண்டியது தட்டையான பெரிய இதழ் ஓட்ஸ், பாக்கெட்டில் 'லார்ஜ் ஃப்ளேக்' அல்லது 'ரோல்ட்' என்று போட்டிருக்கும். குயிக் ஓட்ஸ் என்பதை நறுக்கி மெல்லியதாகத் தட்டியிருப்பார்கள். அவசரத்துக்கு ஆகும், மொறுமொறுப்புக் குறையும். இன்ஸ்டன்ட் மாவாய்க் கரைந்துவிடும். ஸ்டீல் கட் ஓட்ஸ் நம் குருணை மாதிரி, அது ஓவன் சூட்டில் வேகாமல் பல்லில் இடறும். உங்களிடம் இருப்பது எது என்று பாக்கெட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அளவு சொல்கிறேன். எட்டு அங்குலச் சதுரப் பாத்திரத்துக்கு நடுத்தர ஆப்பிள் ஆறு அல்லது ஏழு. தோல் சீவி, நடுவில் இருக்கும் விதைக்கூட்டை எடுத்து, நறுக்கி, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு டீஸ்பூன் பட்டைத்தூள், இரண்டு டீஸ்பூன் சோளமாவு போட்டுப் பிரட்டுங்கள். கடையில் 'கார்ன் ஸ்டார்ச்' என்று கேட்டு வாங்க வேண்டும். ஊரில் நாம் கார்ன்ஃப்ளவர் என்கிற வெள்ளை மாவுக்கு இங்கே அதுதான் பெயர். இங்கே கார்ன் ஃப்ளவர் என்ற பெயரில் இருப்பது மஞ்சள் சோளத்தை அரைத்த மாவு, அது வேறு.

மேல்மாவுக்கு ஓட்ஸ் ஒரு கப், மைதா அரை கப், பிரவுன் சுகர் அழுத்தி அளந்து அரை கப், பட்டைத்தூள் அரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. வெண்ணெய் 454 கிராம் கட்டியில் கால் பாகம். அளக்கவே வேண்டாம், சுற்றியிருக்கும் தாளில் கோடு போட்டிருக்கும், அதைப் பார்த்து வெட்டினால் போதும். உப்பு சேர்த்த வெண்ணெய் என்றால் சிட்டிகை உப்பை விட்டுவிடுங்கள். பிரவுன் சுகர் இல்லாவிட்டால் நாட்டுச்சர்க்கரை போடலாம். நான் பல தடவை போட்டிருக்கிறேன், வாசனை இன்னும் ஆழமாக இருக்கும். பட்டையோடு ஒரு சிட்டிகை சுக்குப் பொடியும் சேர்ப்பது என் வழக்கம்.

வெண்ணெய் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தபடி ஜில்லென்று இருக்க வேண்டும். சின்னத் துண்டுகளாக வெட்டி மாவில் போட்டு விரல் நுனியால் பிசிறுங்கள். உள்ளங்கை படக் கூடாது, சூட்டில் உருகிவிடும். இந்தப் பதத்தை இங்கே எந்தப் புத்தகமும் சரியாக விளக்கி நான் படித்ததில்லை. ஆனால் புட்டு செய்தவர்களுக்கு ஒரு வரி போதும்: பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். உங்கள் அம்மாவிடம் ஃபோனில் இதைச் சொல்லிப் பாருங்கள், ஓவனையே பார்த்திராதவர்கூடச் சரியாகச் செய்துவிடுவார். பட்டாணி அளவு வெண்ணெய்க் கட்டிகள் அங்கங்கே இருந்தால் நல்லது, அவை உருகும் இடத்தில்தான் மொறுமொறுவென்று கட்டிப்படும்.

ஆப்பிளைப் பாத்திரத்தில் பரப்பி, மேல்மாவைத் தூவுங்கள். அழுத்தாதீர்கள். ஆப்பிளில் பெரும்பகுதி தண்ணீர்தான், அது ஆவியாகி மேலே வெளியேற வழி வேண்டும். அழுத்தினாலும் மூடினாலும் அந்த ஆவி மாவுக்குள்ளேயே தங்கி மேல்பாகம் நமுத்துவிடும். பாத்திரத்துக்கு அடியில் ஒரு தட்டு வையுங்கள், பாகு பொங்கி ஓவனில் சிந்தாமல் இருக்கும்.

40-லிருந்து 45 நிமிடம். மேலே பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடத் தோன்றும், பொறுங்கள். ஓரங்களில் பாகு கெட்டியாக, மெதுவாகக் கொப்புளம் விட வேண்டும். சோளமாவு கொதித்தால்தான் இறுகும், அதற்கு முன் எடுத்தால் அடியில் தண்ணீர் நிற்கும். மேலே சீக்கிரம் சிவந்துவிட்டால் மட்டும் கடைசிப் பத்து நிமிடத்துக்கு ஒரு ஃபாயில் தாளைத் தளர்வாக மேலே போட்டு வைக்கலாம். எடுத்ததும் 20 நிமிடம் ஆற விடுங்கள். சூட்டோடு நாக்கில் வைத்தால் பாகு சுட்டுவிடும், கெட்டிப்படவும் நேரம் வேண்டும்.

வெனிலா ஐஸ்கிரீம் ஒரு கரண்டி மேலே வைத்துச் சாப்பிடுவது பொதுவான வழக்கம். முட்டை சாப்பிடாதவர் என்றால் டப்பாவின் பின்பக்கம் படித்து வாங்குங்கள், சில ஐஸ்கிரீமில் மஞ்சள் கரு உண்டு. பாட்டி பக்கத்தில் ஒரு துண்டு முதிர்ந்த செடார் சீஸ் வைத்துக்கொள்வார். ஆப்பிளோடு செடார் சேர்ப்பது இந்தப் பக்கத்துப் பழைய பழக்கம். முதலில் எனக்கு விநோதமாகப் பட்டது, இப்போது அது இல்லாமல் நான் சாப்பிடுவதில்லை. மிஞ்சினால் மறுநாள் காலை கெட்டித் தயிரோடு சாப்பிடுங்கள்.

மீதி ஆப்பிளை வெளியே கூடையில் வைக்காதீர்கள். மெக்கின்டாஷ் வெளியில் இருந்தால் ஒரு வாரத்தில் மாவாகிவிடும். ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் பையில் கட்டி வையுங்கள், கேரட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம். ஆப்பிள் விடுகிற வாயுவில் கேரட் கசக்கும். கிரானி ஸ்மித் ஒன்றிரண்டு மிஞ்சினால் பொடியாக நறுக்கி, கடுகு, பெருங்காயம், மிளகாய்த்தூள் தாளித்துப் போட்டால் திடீர் மாங்காய் ஊறுகாய்க்குச் சமமாக இருக்கும். தயிர் சாதத்துக்கு நாங்கள் அதைத்தான் செய்கிறோம்.

கடைசியாக, இந்த மாதக் கடைசி வெள்ளியன்று நீங்களும் ஆபீஸுக்கு எதையாவது கொண்டுபோக வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். இதையே செய்யுங்கள். வால்நட், பெக்கான் மாதிரிக் கொட்டைப் பருப்பு எதுவும் மேலே சேர்க்க வேண்டாம், ஒவ்வாமை உள்ளவர்கள் இருப்பார்கள். என்னென்ன போட்டீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதிப் பக்கத்தில் வைத்தால் எல்லோருக்கும் நிம்மதி. வியாழன் இரவே மேல்மாவைப் பிசிறி டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஆப்பிளை மட்டும் வெள்ளி காலை நறுக்கி, குளிக்கப் போகும் முன் ஓவனில் ஏற்றினால் கிளம்புவதற்குள் ஆறிவிடும். காரில் எடுத்துப் போகும்போது மேலே ஒரு பருத்தித் துண்டு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், மூடி வேண்டாம்.