கல்யாண டிவிடி பாதியில் நிற்கிறதா? கேளுங்கள், சொல்கிறேன்

கல்யாண வீடியோ எடிட் செய்து டிஸ்க் எழுதிக் கொடுக்கிற வேலையில் பல வருடம் இருந்தவன் நான். வீட்டில் எழுதிய சிடி, டிவிடி பற்றி மட்டும் கேளுங்கள். ஆரம்பிக்கும் முன் ஒன்று: டிஸ்க் மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள்.

கே: அண்ணே, நான் எழுதின டிவிடி கம்ப்யூட்டரில் ஓடுது, பிளேயரில் போட்டா "நோ டிஸ்க்"னு வருது.

ப: முதலில் ஃபைனலைஸ் (எழுதி முடித்ததும் டிஸ்க்கை மூடுவது) செய்தீர்களா பாருங்கள். அது செய்யாமல் திறந்தபடி விட்ட டிஸ்க்கைக் கம்ப்யூட்டர் டிரைவ் எப்படியோ படித்துவிடும், பிளேயர் படிக்காது. அது சரியென்றால் பிளேயரின் வயது. கம்பெனியில் அச்சடித்து வரும் டிஸ்க் வெளிச்சத்தை நன்றாகத் திருப்பி அனுப்பும், நாம் எழுதுவதில் இருப்பது சாயப் பூச்சு, அதில் பிரதிபலிப்பு குறைவு, தேய்ந்துபோன லென்ஸ் திணறிவிடும். பிளஸ் ஆர் (DVD+R) டிஸ்க் என்றால் எழுதும்போதே புக் டைப்பை, அதாவது இது எந்த வகை டிஸ்க் என்று பிளேயருக்குச் சொல்லும் குறிப்பை, டிவிடி-ரோம் (DVD-ROM) என்று மாற்றிப் பாருங்கள், பல பழைய பிளேயர்கள் அதை நம்பிவிடும். "நோ டிஸ்க்" வராமல் ஃபைல் பெயர் மட்டும் தெரிந்து படம் வரவில்லையா? அப்படியானால் எம்பி4-ஐ அப்படியே போட்டிருக்கிறீர்கள். பழைய பிளேயருக்கு எம்பெக்-2 படமும் வீடியோ_டிஎஸ் ஃபோல்டரும் வேண்டும்.

கே: ரிசப்ஷன் எல்லாம் நன்றாக ஓடுகிறது சார், தாலி கட்டுகிற இடம் வந்ததும் கட்டம் கட்டமாக உடைகிறது.

ப: நம் ஊரில் ரிசப்ஷன் பெரும்பாலும் முந்தின நாள் சாயங்காலம், அதனால் தாலி கட்டுவது டிஸ்க்கின் பின்பாதியில் வரும். டிஸ்க் உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது, ஆக தாலி இருப்பது விளிம்புப் பக்கம், நீங்கள் விரல் வைத்துப் பிடிக்கிற அதே இடம். 16எக்ஸ் வேகத்தில் எழுதினால் முதலில் கெடுவதும் விளிம்புதான். 4எக்ஸ் அல்லது 8எக்ஸில் எழுதுங்கள். 4.7 ஜிபி என்று போட்டிருப்பதைக் கம்ப்யூட்டர் 4.37 என்று காட்டும், அதையும் முழுக்க நிரப்பாமல் 4.2-இல் நிறுத்துங்கள். படத்தின் பிட்ரேட் (விநாடிக்கு எவ்வளவு தகவல் என்ற கணக்கு) அதிகபட்சம் 9.8 எம்பிபிஎஸ், நான் 6, 7-ஐத் தாண்ட மாட்டேன். அப்புறம், ஸ்டிக்கர் இருக்கிறதா? ஒரு பக்கம் கனத்தால் சுற்றும்போது தள்ளாடும்.

கே: அமெரிக்காவில் அத்தைக்கு அனுப்பினேன், ஓடவில்லை. ரீஜன் லாக்கா?

ப: இல்லை. ரீஜன் என்பது எந்த நாட்டுப் பிளேயரில் ஓடலாம் என்று கம்பெனி டிஸ்க்கில் போடும் பூட்டு, வீட்டு டிஸ்க்குக்கு அது கிடையாது. டிவி முறைதான் வேறு: நாம் எழுதுவது பால் (PAL), அங்கே என்டிஎஸ்சி (NTSC). கம்ப்யூட்டரில் விஎல்சி (VLC) என்ற வீடியோ சாஃப்ட்வேர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கே: கீறலுக்குப் பற்பசை தேய்க்கலாமா?

ப: அடிப்பக்கத்து லேசான கீறலுக்குச் சில சமயம் உதவும். நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் தேய்க்கணும், வட்டமாக அல்ல.

கே: பற்பசையா? வாழைப்பழத் தோல்தான் பெஸ்ட், எங்க கடைக்காரர் அப்படித்தான் செய்வார்.

ப: தோலில் மெருகேற்ற என்ன இருக்கிறது? அவர் கடைசியில் துணியால் துடைப்பாரே, வேலை செய்தது அந்தத் துணி.

கே: பல்பொடி போட்டு நான் பத்து சிடி காப்பாற்றினேன்.

ப: காப்பாற்றாத சிடி எத்தனை, அதையும் சொல்லுங்கள்! பல்பொடி கரகரப்பானது, ஒரு கீறலை எடுத்து நூறு கீறல் போடும். எல்லோரும் அடிப்பக்கத்தையே பேசுகிறீர்கள். சிடியில் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் முழுவதும் கீழே, தகவல் இருப்பது மேலே லேபிளுக்கு அடியில், அரக்கு மாதிரி மெல்லிய பூச்சுக்குள். அங்கே கீறல் விழுந்தால் பற்பசை, வாழைத்தோல், திருநீறு எதுவும் உதவாது. டிவிடியில் தகவல் இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவில் இருப்பதால் மேல் கீறல் பெரிதாகப் பாதிக்காது.

கே: வாழைத்தோல் வேலை செய்யும் சார்.

ப: சரி, செய்யட்டும்.

கே: பிளேயர் நோ டிஸ்க் காட்டுது...

ப: முதல் பதில்.

கே: உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்.

ப: ஆடியோ 44.1 கிலோஹெர்ட்ஸில் இருக்கும், டிவிடிக்கு 48 வேண்டும். மாற்றி மறுபடி எழுதுங்கள்.

கே: பழைய விசிடியில் படம் எங்கே இருக்கிறது?

ப: எம்பெகேவி (MPEGAV) ஃபோல்டரில் ஏவிசீக்01.டாட் (AVSEQ01.DAT) என்ற ஃபைல்.

கே: பிளேயர் டிரே வெளியே வரவில்லை.

ப: மெக்கானிக்கிடம் போங்கள்.

கே: அப்பா அம்மா கல்யாண சிடியில் ஏற்கெனவே ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன் அண்ணே, உரித்துவிடட்டுமா?

ப: கையை எடுங்கள்! உரித்தால் தகவல் பூச்சும் சேர்ந்து வந்துவிடும். அப்படியே டிரைவில் போட்டு, இன்றைக்கே ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி எடுங்கள். ஒரு டிரைவ் படிக்காவிட்டால் வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள்.