தம்ளர் கழுவுகிறவரும் ஃப்ளெக்ஸில் சிரிக்கிறவரும்

கேள்வி: என் கணவர் வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. முதலில் பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரப் போனார். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. இப்போது ஒரு வருடமாக ஞாயிறு தவறாமல், புல் செதுக்கிச் சுத்தம் செய்யும் உழவாரப்பணிக் குழுவோடு கோயில் கோயிலாகப் போகிறார். வீட்டில் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடுவதில்லை. வயதானவர்கள் சேவை என்று கிளம்புவதெல்லாம் பொழுது போகாமல்தானே? எனக்கும் கண் சிகிச்சை முகாமில் உதவ ஆசைதான். வீட்டை யார் பார்ப்பது?
— வாசகி, திருநகர், மதுரை

பதில்: பொழுது போகாமல் போகிறவர் மூன்றாவது ஞாயிறே டிவி முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவார். ஒரு வருடம் வெயிலில் குனிந்து புல் செதுக்கமாட்டார்.

கணக்குத் தெரிந்தவர் என்பதால் கணக்குச் சொல்லித்தரப் போனார். அங்கேதான் கோளாறு. கேஷியருக்கு மாலையில் கல்லா ஒரு ரூபாய் பிசகாமல் நேராக வேண்டும், நேரானால்தான் தூக்கம். பிள்ளைகள் விஷயத்தில் அன்றன்றைக்குக் கணக்கு முடியுமா? நேற்றுச் சொன்ன வகுத்தலை இன்று மறந்துவிட்டு வந்து நிற்பார்கள். பிராகாரத்தில் அப்படியில்லை. காலையில் முட்புதராக இருந்த இடம், மதியம் பார்த்தால் துடைத்துவிட்ட மாதிரி கிடக்கும். கூடவே, கையில் இருப்பது அப்பர் சுவாமிகள் பிடித்த உழவாரக் கருவி. உங்கள் வீட்டுக்காரர் வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றார், சுபாவத்திலிருந்து இல்லை.

1998-ல் அமெரிக்க உளவியலாளர்கள் கிளேரி, ஸ்னைடர் குழுவினர், மனிதர்கள் தொண்டுக்குப் போவதற்கு ஆறு காரணங்களை வகுத்தார்கள். கொண்ட கொள்கை, கற்கும் ஆசை, நாலு பேர் பழக்கம், உத்தியோகத்துக்கு உதவும் என்ற எண்ணம், மனக்கஷ்டத்தை மறப்பது, தன் மதிப்பைக் கூட்டிக்கொள்வது. ஓய்வு பெற்றவருக்கு உத்தியோகக் காரணம் உதிர்ந்துவிடும். மிச்சமிருப்பவை கலந்துதான் இருக்கும். நாலு பேரோடு டீ குடிக்கிற ஆசையும் அவருக்கு இருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டுமே.

சித்திரைத் திருவிழாவில் அழகர் எதிர்சேவை அன்று தல்லாகுளத்தில் ஒரு நீர்மோர்ப் பந்தல் பார்த்தேன். முகப்பில் ஐந்து பேர் சிரிக்கிற ஃப்ளெக்ஸ். (அந்தக் காசுக்கு இன்னும் நாலு அண்டா மோர் ஊற்றியிருக்கலாம்.) கேமரா நகர்ந்ததும் ஐவரும் நகர்ந்தார்கள். பந்தலுக்குப் பின்னால் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், குத்தவைத்து உட்கார்ந்து தம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். வெளியே வந்து ஊற்றக்கூடாதா என்றேன். "எங்கப்பா காலத்துல பானைத் தண்ணி வச்சோம். அப்பவும் எனக்குக் கழுவுற வேலைதான், தம்பி. எச்சி ஒட்டியிருந்தா குடிக்கிறவனுக்கு என்ன மரியாதை?" என்று சொல்லிவிட்டு அடுத்த தம்ளரை முக்கினார்.

உங்கள் கண் முகாமுக்கே வருவோம். டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வு பெற்று, 1976-ல், தமது 58-வது வயதில், இதே மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன கை அவருக்கு. பொழுது போகாமலா தொடங்கினார்?

சரி, உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிக்கு வருகிறேன். எனக்கு அதுதான் கேள்வி, மற்றதெல்லாம் முன்னுரை. பிராகாரத்தில் களை பிடுங்குகிற கைக்கு வீட்டில் கீரை ஆயத் தெரியாதா? நீங்கள் அடுப்படியைப் பார்த்துக்கொள்வதால்தான் அவருக்கு ஞாயிறு என்று ஒன்று இருக்கிறது. அவருடைய தொண்டில் பாதி உங்கள் கணக்கில் வரவேண்டியது. கேஷியருக்கு இது புரியும்.

முகாமில் பெயர், வயது எழுத, பெரியவர்களை வரிசையில் உட்காரவைக்க, புரை அறுவைக்குத் தேர்வானவர்களைக் கைபிடித்து பஸ்ஸில் ஏற்ற ஆள் வேண்டும். எத்தனையோ இருக்க, கண் முகாம் என்று ஏன் உங்களுக்குத் தோன்றியது? அதற்கு ஒரு காரணம் இருக்கும், எனக்குச் சொல்ல வேண்டாம். மாதத்தில் இரண்டு ஞாயிறு அவருக்கு, இரண்டு உங்களுக்கு. அன்றைக்கு ரசம் அவர் வைக்கட்டும். ஐந்தாவது ஞாயிறு வருகிற மாதத்தை இருவரும் பேசி முடித்துக்கொள்ளுங்கள். அதற்கு என்னை இழுக்க வேண்டாம்.