டியூன் ஹீரோவுக்கு வயசு ஜாஸ்தியா?

கேள்வி: டியூன்ங்கற அறிவியல் புனைகதை நாவல்ல ஹீரோ பால் அட்ரெய்டிஸுக்கு 15 வயசு தானே, 2021 படத்துல 20 தாண்டின திமோதி ஷாலமேவ போட்டது சரியா சார்?

பதில்: சரிதாங்க. அந்தப் பையன் போகப் போக ஒரு ஜனத்தையே போருக்குக் கூட்டிட்டுப் போற தலைவனா மாறணும், நிஜமான 15 வயசுப் பையனால அத தாங்கறது ரொம்ப கஷ்டம். 1984ல டேவிட் லிஞ்ச் எடுத்தப்பவும் 20 தாண்டின கைல் மெக்லாக்லன்தான், அவருக்கு அதான் முதல் படம். ஆனா அவர் ஆரம்பத்துலயே ஹீரோவா நிமிர்ந்து நிப்பாரு, ஷாலமே ஒல்லியா தயக்கமா வர்றதால அந்த மாற்றம் நல்லா தெரியுது.

எனக்கு இதவிடப் பிடிச்சது அந்தப் பாலைவன கிரகத்த ஆராயற விஞ்ஞானி லியட் கைன்ஸ். நாவல்ல ஆம்பளை, 2021 படத்துல ஷரோன் டங்கன் ப்ரூஸ்டர் பண்ணாங்க, சாகறப்போ மண்ணத் தட்டி ராட்சச மணல் புழுவக் கூப்பிடுவாங்களே, அந்த ஒரு சீன் போதும்!