கொண்டை ஊசி வளைவும் இரண்டு முடுக்கங்களும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு இயற்பியல் சொல்லித்தர உட்கார்ந்தேன். சீரான வட்ட இயக்கத்தில் கோண முடுக்கம் சுழி என்கிறார்கள். மையத்தை நோக்கி முடுக்கம் உண்டு என்றும் சொல்கிறார்கள். “அப்படியானால் பொருள் ஏன் மையத்துக்குப் போய்ச் சேரவில்லை அப்பா?” என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஒரு வாசகர், சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

மகளை ஏற்காடு பேருந்தில் ஒருமுறை கூட்டிப் போங்கள். அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்றில் பேருந்து மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில், வேகமானியின் முள் அசையாமல் திரும்புவதாகக் கொள்வோம். நொடிக்கு 5 மீட்டர். வளைவின் ஆரம் 10 மீட்டர் என்க.

சட்டென்று டயரின் பிடிப்பு அற்றுப்போனால்? பேருந்து அந்தக் கணத்தில் போய்க்கொண்டிருந்த திசையிலேயே, தொடுகோட்டில் வழுக்கும். 0.2 நொடியில் 1 மீட்டர் போயிருக்கும். பிடிப்போடு திரும்பும் பேருந்தோ அதே நேரத்தில் அந்தக் கோட்டிலிருந்து 5 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி நிற்கும். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் முடுக்கம் 2.5, அதில் பாதியை நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் அதே 0.05 மீட்டர். மகளையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 1659இல் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் இந்த விலகலைப் பிடித்துக்கொண்டுதான் வட்ட இயக்கத்தின் கணக்கைத் தீர்த்தார்.

ஆக, பேருந்து மையத்தை நோக்கி விழுந்துகொண்டேதான் இருக்கிறது. கூடவே முன்னேயும் ஓடுகிறது. அந்த ஓட்டம் அதை மையத்தை விட்டு எவ்வளவு விலக்குகிறதோ, விழுவது அவ்வளவையும் ஈடுகட்டிவிடுகிறது. தூரம் 10 மீட்டராகவே நிற்கிறது. நிலா நம் தலையில் விழாததும் இப்படித்தான்.

கோண முடுக்கம் வேறு சங்கதி. நொடிக்கு எத்தனை ரேடியன் (கோணத்தின் அலகு) திரும்புகிறது என்பது மாறினால்தான் அது உண்டு. இங்கே அந்தத் திரும்பும் வேகம் நொடிக்கு 0.5 ரேடியனாகவே இருக்கிறது, ஆகவே கோண முடுக்கம் சுழி. ஓட்டுநர் வளைவுக்குள் பிரேக்கை மிதித்தால் அது பிறக்கும். அதை ஆரத்தால் பெருக்கினால் தொடுகோட்டு முடுக்கம். அப்போது மொத்த முடுக்கம் நேரே மையத்தைப் பார்க்காது, பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். இரண்டுக்கும் ‘முடுக்கம்’ என்றே பெயர் வைத்ததுதான் பிள்ளைகளைக் குழப்புகிறது என்பது என் எண்ணம்.

“என்னை வெளியேதானே தள்ளுகிறது?” என்று அடுத்துக் கேட்பாள். பேருந்து வலப்பக்கம் திரும்பும்போது இடப்பக்க ஜன்னலோரம் உட்கார வையுங்கள். அவள் உடம்பு நேராகப் போகப் பார்க்கும். பேருந்தின் சுவர் வந்து தோளில் முட்டும். அந்தச் சுவர் அவளை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று மட்டும் கேளுங்கள்.