புகையான் வரும் என்கிறது செயலி; இப்போதே மருந்து அடிக்கலாமா?

கேள்வி: ஐயா, நெல் நட்டு 40 நாள் ஆகிறது. போன பருவத்தில் கைபேசிச் செயலி, பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சிக்கு ‘அபாயம் குறைவு’ என்று காட்டியது. நம்பி இருந்துவிட்டேன். 70 நாளுக்கு மேல் பயிர் வட்ட வட்டமாகத் தீய்ந்து போனது. இப்போது அதே செயலி ‘மூன்று வாரத்தில் அபாயம் அதிகம்’ என்கிறது. முன்கூட்டியே ஒரு தடவை அடித்துவிடுங்கள் என்கிறார் மருந்துக்கடைக்காரர். இலைச்சுருட்டுப் புழுவுக்காக 20-ஆம் நாளும் 32-ஆம் நாளும் பைரித்திராய்டு வகைப் பூச்சிமருந்து அடித்திருக்கிறேன். போன பருவமும் அப்படித்தான். தற்போது குத்துக்கு ஒன்றிரண்டு புகையான்தான் தெரிகிறது. எதை நம்புவது?

பதில்: இப்போது அடிக்காதீர்கள். குத்துக்கு ஒன்றிரண்டு பூச்சி என்பது மருந்துக்கான அளவே இல்லை. ஒரு குத்தில் பல தூர்கள், அதாவது கிளைத்த தண்டுகள், இருக்கும். தூருக்கு ஒரு பூச்சி வந்தால்தான் யோசிக்க வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். யூரியா மேலுரம் போட வேண்டியிருந்தால் தள்ளிப் போடுங்கள். வயலில் தண்ணீரைத் தேக்காமல் வடித்து வடித்துப் பாய்ச்சுங்கள். அளவு தாண்டினால், பைரித்திராய்டு அல்லாத மருந்தைப் பயிரின் அடித்தண்டில் படும்படி அடியுங்கள்.

சரி, உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது செயலி அல்ல. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த 20-ஆம் நாளும் 32-ஆம் நாளும்தான்.

தண்டைச் சுற்றியிருக்கும் இலையுறைக்குள் புகையான் முட்டையிடும். மேலே அடிக்கும் மருந்து அங்கே போய்ச் சேராது. ஆனால் அந்த முட்டையை உறிஞ்சித் தின்னும் மிரிட் நாவாய்ப்பூச்சியும், குஞ்சுகளைப் பிடிக்கும் ஓநாய்ச் சிலந்தியும் வெளியே நடமாடுபவை. அவை செத்துப்போகும். ஒரு வாரம் பத்து நாளில் முட்டை பொரிக்கும்போது தின்ன ஆள் இருக்காது. இந்தோனேசியா இதை நாடு முழுவதும் பட்டுத்தான் கற்றது. 1986-இல் நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிமருந்துகளை அந்நாட்டு அரசே தடை செய்தது. அதனால் விளைச்சல் விழவில்லை.

இப்போது முன்னறிவிப்புக்கு வருவோம். வெப்பம், ஈரப்பதம், சுற்றுவட்டாரத்தில் விளக்குப்பொறியில் விழுந்த பூச்சி, இவற்றை வைத்துத்தான் இப்படிப்பட்ட கணக்கைப் பொதுவாகப் போடுவார்கள். உங்கள் வயலில் எத்தனை சிலந்தி மிச்சம் என்பது அதற்குத் தெரியாது. ஒரு தலைமுறையில் புகையான் ஐந்து மடங்கு பெருகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று தலைமுறையில் 125 மடங்கு. அதே பூச்சி எட்டு மடங்கு பெருகினால் 512. ஒரு தாய் இடும் நூற்றுக்கணக்கான முட்டையில் ஐந்து பிழைக்கிறதா எட்டு பிழைக்கிறதா என்பதை முடிவு செய்வது உங்கள் வயலின் சிலந்தியும் நாவாய்ப்பூச்சியும். தொடக்கத்தில் இருக்கும் சின்னப் பிழை தலைமுறைக்குத் தலைமுறை பெருகிக்கொண்டே போகும். அதனால் ஒரு வாரத்துக்குச் சொல்வதை ஓரளவு நம்பலாம், ஒரு பருவத்துக்குச் சொல்வதை நம்ப முடியாது. போன பருவம் வானிலைக் கணக்கு சரியாகவே இருந்திருக்கலாம். காவலாளிகளை நீங்கள் கொன்றது அந்தக் கணக்கில் ஏறியிருக்காது.

ஆகவே நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, ‘என் வயல் எந்தப் பக்கம் போகிறது என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது’ என்பது. இதற்கு நான் இத்தனை வருடமாக எல்லோரிடமும் கெஞ்சுவது ஒன்றுதான்: ஒரு நோட்டு போடுங்கள். வாரம் ஒரு நாள், காலையில், வயலில் குறுக்காக நடந்து 20 குத்துகளைத் தட்டிப் பாருங்கள். புகையான், சிலந்தி, நாவாய்ப்பூச்சி மூன்றையும் எண்ணி ஒரே வரியில் எழுதுங்கள். பூச்சியை மட்டும் எழுதிய நோட்டு பாதி நோட்டு. ஒரு நாள் எண்ணிக்கை அதிகம் சொல்லாது. புகையான் ஏறும்போது சிலந்தியும் கூடவே ஏறுகிறதா, தரையிலேயே கிடக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அப்புறம், வரப்போரம் இல்லாமல் வயலின் நடுவில் ஒரு பட்டையை மருந்தே படாமல் விடுங்கள். அமெரிக்காவில் பீட்டர் ஏரி என்ற சிறு ஏரியில் ஆய்வாளர்கள் பெரிய இரைகொல்லி மீன்களைச் சிறிது சிறிதாக விட்டு, அங்கே யார் யாரைத் தின்கிறார்கள் என்ற அமைப்பையே மாற்றினார்கள். பக்கத்து ஏரியைத் தொடாமல் வைத்து ஒப்பிட்டார்கள். மாற்றம் முடிவதற்கு ஓராண்டுக்கு மேல் முன்பே ஏரி தடுமாறத் தொடங்கியது பதிவுகளில் தெரிந்தது என்று 2011-இல் வெளியிட்டார்கள். விடாமல் அளந்ததாலும், ஒப்பிட ஓர் ஏரி இருந்ததாலும்தான் அது கண்ணில் பட்டது. உங்களுக்கு அந்த ஒரு பட்டைதான் பக்கத்து ஏரி.

முன்கூட்டி அடிக்கச் சொல்லும் கடைக்காரர் உங்கள் வயலுக்குள் இறங்கிப் பார்க்கவில்லை. பயத்தை விற்கிறார். இல்லாத பூச்சிக்கு அடித்துப் பூச்சியை வரவழைத்தால், அடுத்த மருந்துக்கும் அவரிடமே போவீர்கள். இலைச்சுருட்டுப் புழு 40 நாளுக்குள் தின்கிற இலையைப் பயிர் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். அந்த இரண்டு அடியும் தேவைப்பட்டிருக்காது.

இந்த வாரமே எண்ணத் தொடங்குங்கள். மூன்று வார வரிகளையும் அந்தப் பட்டையின் வரிகளையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். அதற்குள் தூருக்கு ஒன்று தாண்டினால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே எழுதுங்கள்.