சிறு ஆர்.என்.ஏ.வுக்கு எச்.எஃப்.கியூ. புரதத்தின் துணை எதற்கு?

"காரப் பொருத்தம் இருந்தால் இரண்டு ஆர்.என்.ஏ.க்களும் தாமாகவே சேர்ந்துகொள்ளுமே, நடுவில் ஒரு புரதம் எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த இரண்டில் ஒன்று பாக்டீரியாவின் சிறு ஆர்.என்.ஏ.; மற்றது அது கட்டுப்படுத்தும் தூது ஆர்.என்.ஏ., அதாவது புரதம் செய்வதற்கான செய்தியைச் சுமப்பது. காரங்கள் எனப்படும் எழுத்துகள் ஒன்றோடொன்று பொருந்தினால் இவை சேரும்தான். ஆனால் பொருந்தும் பகுதி பெரும்பாலும் குட்டையானது, இடையிடையே பொருந்தாத எழுத்துகளும் உண்டு. போதாததற்கு, ஆர்.என்.ஏ. தன்மேலேயே மடிந்து, பொருந்த வேண்டிய இடத்தை மறைத்துவிடுகிறது.

ஈ.கோலை பாக்டீரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்புச்சத்து போதுமான அளவு இருக்கும்வரை ஃபர் என்ற புரதம் ரை-பி மரபணுவை அடக்கி வைத்திருக்கும். இரும்பு குறைந்ததும் அந்தப் பிடி தளர்கிறது. சுமார் 90 எழுத்து நீளமுள்ள ரை-பி சிறு ஆர்.என்.ஏ. உற்பத்தியாகிறது. அதன் இலக்குகளில் ஒன்று, இரும்பைப் பயன்படுத்தும் ஒரு நொதிக்கான சாட்-பி தூது ஆர்.என்.ஏ.

எச்.எஃப்.கியூ. ஆறு துணை அலகுகள் கொண்ட வளையம். அதன் ஒரு முகம் சிறு ஆர்.என்.ஏ.வின் யூரசில் என்ற எழுத்து மிகுந்த வால்முனையைப் பற்றுகிறது. மறுமுகம் தூது ஆர்.என்.ஏ.வில் அடினைன் என்ற எழுத்து மிகுந்த பகுதிகளைப் பற்றுகிறது. விளிம்பிலுள்ள நேர்மின் அமினோ அமிலங்கள் இரண்டையும் இணைய வைக்கின்றன. சாட்-பியின் மடிப்பைத் திறந்துவிடுவதும் இதுவே. ரை-பி அங்கே ஒட்டியதும் புரதத்தைத் தயாரிக்கும் ரைபோசோமுக்கு இடமில்லை, ஆர்.என்.ஏஸ்-இ நொதி வந்து சாட்-பியை வெட்டுகிறது. ரை-பியும் சேர்ந்தே அழிகிறது, அதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி: இரும்பு திரும்பியதும் கட்டுப்பாடு விரைவில் நீங்கிவிடும்.

எல்லா பாக்டீரியாவுக்கும் இதைப் பொதுவாக்கிவிடாதீர்கள். பேசில்லஸ் சப்டிலிஸில் எச்.எஃப்.கியூ. இருந்தும், பெரும்பாலான சிறு ஆர்.என்.ஏ.க்கள் அதை நம்பியிருப்பதில்லை.