பெட்டியில் 1200, கையில் 94

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ரவுட்டரைப் பற்றியவை. மீதியும் சுற்றி வளைத்து அதற்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கின்றன.

கே: 100 எம்பிபிஎஸ் இணையத் திட்டம் போட்டிருக்கிறேன். கோப்பு இறங்கும்போது 12-க்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. ஏமாற்றுகிறார்களா?

ப: இல்லை. திட்டத்தில் இருப்பது மெகாபிட், திரையில் ஓடுவது மெகாபைட். 8 பிட் ஒரு பைட். 100-ஐ 8-ஆல் வகுத்தால் பன்னிரண்டரை. சரியாகத்தான் வருகிறது.

கே: வீட்டில் 300 எம்பிபிஎஸ் இணைப்பு. அதற்கு என்று கேட்டுத்தான் ரவுட்டர் வாங்கினேன். "இது 1200 போகும்" என்றார் கடைக்காரர். கேபிள் மாட்டிப் பார்த்தாலும் 94-ஐத் தாண்டவில்லை. இணைப்பு கொடுத்தவர் ரவுட்டரைக் குறை சொல்கிறார், கடைக்காரர் இணைப்பைக் குறை சொல்கிறார்...

ப: இந்த 1200 எனக்கும் பழைய பகை, பொறுத்துக்கொள்ளுங்கள். ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள். முதலாவதில் 300, இரண்டாவதில் 867. கூட்டினால் 1167 வருகிறது, அதையும் மேலே இழுத்து 1200 ஆக்கிவிட்டார்கள். ஒரு வண்டி முப்பதில் போகிறது, இன்னொன்று எண்பதில் போகிறது, ஆக மொத்தம் வேகம் நூற்றுப்பத்து என்று யாராவது விற்றால் வாங்குவோமா? உங்கள் போன் ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசையில்தான் பேசும். அந்த 867-ம் ரவுட்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தால் கிடைக்கிற காகிதக் கணக்கு. அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கைக்கு வந்தாலே நல்ல ரவுட்டர்.

சரி, 94 எங்கிருந்து வந்தது? பெட்டியின் ஓரத்தில், பொடி எழுத்தில், போர்ட் (கேபிள் செருகும் துளை) என்று எழுதியிருக்கும் இடத்தைப் பாருங்கள். 10/100 என்று இருந்தால் கதை முடிந்தது. அந்த போர்ட்டில் 100-க்கு மேல் போகாது, தரவோடு சேர்ந்து போகும் முகவரி விவரங்களைக் கழித்தால் மிஞ்சுவது 94, 95. வைஃபைக்கு மாறியும் பயனில்லை. வெளியிலிருந்து இணையம் உள்ளே நுழைவதே அப்படி ஒரு போர்ட் வழியாகத்தான். இதே ரகத்தில் ஒன்று என் வீட்டுப் பரணில் கிடக்கிறது. நான்கு ஆன்டெனாவைப் பார்த்து மயங்கி வாங்கியது.

10/100/1000 என்று இருந்தால் ரவுட்டரைத் திட்டாதீர்கள், கேபிளைப் பாருங்கள். கேபிளுக்குள் எட்டு கம்பிகள். 1000 போக எட்டும் வேண்டும், 100-க்கு நான்கே போதும். மீதி நான்கில் ஒன்று அறுந்திருந்தாலும் இரண்டு பக்கமும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். கேட் 5இ என்ற ரக கேபிள் போதும், செம்பு பூசிய அலுமினியம் மட்டும் வேண்டாம்.

போர்ட்தான் 100 என்றால் பில்லோடு கடைக்குப் போங்கள். 300-க்கு என்று சொல்லிக் கேட்டவருக்கு 100 போகிற பொருளைக் கொடுத்தது அவர் தவறு. உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

கே: படுக்கையறையில் வைஃபை சுத்தமாக வராததால் ரிப்பீட்டர் வாங்கி அங்கே மாட்டினேன். சிக்னல் முழுசாகக் காட்டுகிறது, ஆனால் எதுவும் திறக்கவில்லை.

ப: வராத இடத்தில் மாட்டினால் அது எதைத் திருப்பி அனுப்பும்? ரிப்பீட்டர் இணையத்தைத் தயாரிப்பதில்லை. நீங்கள் பார்க்கிற சிக்னல் போனுக்கும் ரிப்பீட்டருக்கும் இடையில் உள்ளது. ரவுட்டருக்கும் அறைக்கும் நடுவில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கிற இடத்தில் மாட்டுங்கள். பெட்டிக்குள் இருக்கும் தாளில் இதைப் படம் போட்டே காட்டியிருப்பார்கள். பிரித்துப் பார்த்தால்தானே.

கே: பழைய போன் ஒன்றை நேரில் பேசிப் பார்த்துத்தான் வாங்கினேன். சில நாளில் எந்த சிம் போட்டாலும் "சேவை இல்லை". விற்றவர் அழைப்பை எடுப்பதில்லை. வீட்டில் எல்லோரும் என்னைத் திட்டுகிறார்கள்.

ப: திட்டுகிறவர்கள் வாங்கியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். ஒவ்வொரு போனுக்கும் ஐஎம்இஐ என்று 15 இலக்க எண் உண்டு. போன் திருடு போனதாகப் புகார் பதிவானால் அந்த எண்ணையே நெட்வொர்க்கில் முடக்குவார்கள், அப்புறம் சிம்மை மாற்றிப் பயனில்லை. முடக்கம் வருவதற்குள் கைமாற்றிவிடுவதுதான் இந்த மோசடியின் சூட்சுமம். முதலில் *#06# அழுத்தி எண்ணைக் குறித்து, அது முடக்கப்பட்டிருக்கிறதா என்று உங்கள் சிம் நிறுவனத்தில் கேளுங்கள். ஆம் என்றால் பணம் கொடுத்த ஆதாரம், பேசிய செய்திகள் எல்லாவற்றோடும் போலீசில் புகார் கொடுங்கள். "எண்ணை மாற்றித் தருகிறேன்" என்று எவனாவது வருவான், கிட்டவே விடாதீர்கள்.

கே: செயற்கைக்கோள் இணையம். சோதித்தால் வேகம் நன்றாகவே இருக்கிறது. வீடியோ அழைப்பில் மட்டும் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்துகிறோம்.

ப: அது வேகக் குறைவு இல்லை, தாமதம். வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீங்கள் பேசுவது ஏறி இறங்க வேண்டும், பதிலும் ஏறி இறங்க வேண்டும். ஒளியின் வேகத்தில் போனாலும் அதற்கே கிட்டத்தட்ட அரை நொடி. பெரிய திட்டத்துக்கு மாறினாலும் இது குறையாது. சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் சேவையோ, கம்பிவழி இணைப்போ கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

கே: ரவுட்டர் பெயருக்குப் பக்கத்தில் 5ஜி என்று இன்னொரு பெயர் தெரிகிறது. 5ஜி போன் வாங்க வேண்டுமா?

ப: வேண்டாம். அது 5 கிகாஹெர்ட்ஸ்.

கே: போனில் ஒட்டினால் சிக்னலை இழுக்கும் தங்க நிற ஸ்டிக்கர், ஐந்து வாங்கினால் ஒன்று இலவசம் என்றதால் வாங்கிவிட்டேன். எங்கே ஒட்டினால் நன்றாக இழுக்கும்?

ப: குப்பைத்தொட்டியில்.